ஃபெர்குசனின் எல்லைகள்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வடமேற்கே ஏறக்குறைய 16 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிறது ஃபெர்குசன் என்ற புறநகர். 2014 ஆகஸ்ட் 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் அங்கே ஒரு வெள்ளைக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். வாரக்கணக்கில் நீடித்த போராட்டங்களுக்குப் பிறகு ஊரின் பெயரே அந்தச் சம்பவத்தின் பெயராகிவிட்டது. அதற்குப் பின்னால் இருந்த ஊர் மறைந்துபோனது. அன்று எழுதப்பட்டவற்றில் இரண்டு விளக்கங்கள் திரும்பத் திரும்ப வந்தன. காவல்துறையின் இனவெறிதான் காரணம் என்றது ஒன்று. வெள்ளையர்கள் காலிசெய்துவிட்டுப் போன புறநகரில் வறுமை குடியேறியதன் விளைவு என்றது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஏன் அந்த ஊரில், ஏன் அந்த விதத்தில் என்று கேட்டால் இரண்டுமே பாதியில் நின்றுவிடுகின்றன. ஃபெர்குசனின் நிலவியலையும் வரலாற்றையும் மக்கள்தொகைக் கணக்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் மூன்றையும் கோக்கும் இழை ஒன்று தெரிகிறது. ஒரு சிறு கூட்டத்தார் தங்களைச் சுற்றி எல்லைக்கோடு போட்டுக்கொண்டு தனி நகராட்சியாகிவிடலாம் என்று அந்த மாநிலம் கொடுத்த உரிமைதான் அது. முதலில் அந்த உரிமை ஆட்களை வெளியே நிறுத்தப் பயன்பட்டது. கோடு காக்கத் தவறியபோது, உள்ளே வந்தவர்களிடம் வசூல் செய்யப் பயன்பட்டது.

மிசூரி ஆறும் மிசிசிப்பி ஆறும் கூடும் இடத்துக்குச் சற்றுக் கீழே செயின்ட் லூயிஸ் நகரம். இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலத்தில், நகரத்துக்கும் கூடுதுறைக்கும் நடுவே, 1855இல் வில்லியம் ஃபெர்குசன் என்ற நிலக்கிழார் தன் நிலத்தில் பத்து ஏக்கரை வடக்கு மிசூரி ரயில்வேக்குக் கொடுத்தார். அங்கே ஒரு நிலையம் கட்டி அதற்குத் தன் பெயரை வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. நிலையத்தைச் சுற்றி ஊர் வளர்ந்து 1894இல் நகராட்சியானது. நகரத்தில் வேலை, மரநிழலில் வீடு என்ற வாழ்க்கைக்கு ஏற்ற இடமாக அது இருந்தது. இன்று ஊரின் வடக்கு ஓரத்தை 270ஆம் எண் நெடுஞ்சாலை தொட்டுச் செல்கிறது. மேற்கே லாம்பர்ட் விமான நிலையம். அதற்கும் ஃபெர்குசனுக்கும் நடுவே கின்லாக் என்ற மிகச் சிறிய ஊர். ஃபெர்குசன் இருக்கும் செயின்ட் லூயிஸ் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சுமார் 10 லட்சம் பேர் வாழ்கிறார்கள். 2014இல் அவர்கள் ஏறக்குறைய 90 நகராட்சிகளாகப் பிரிந்து கிடந்தார்கள். 2010 கணக்கெடுப்பில் சேம்ப் என்ற ‘ஊரில்’ இருந்தவர்கள் 13 பேர். பெவர்லி ஹில்ஸ் என்று ஹாலிவுட் பெயர் சூடிய இன்னொன்றில் 574 பேர். அதற்கும் தனிக் காவல்துறை இருந்தது. காவல்துறை மாநில அரசின் கையில் இருக்கும் நாட்டிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். அங்கே காவலரை நியமிப்பது, அபராதம் விதிப்பது, அபராத வழக்கை விசாரிக்க நீதிபதியை அமர்த்துவது எல்லாம் ஒரே நகர்மன்றத்தின் வேலையாக இருக்க முடியும்.

இந்தத் துண்டாடலைத் தொடங்கி வைத்தது பெருநகரமே. 1876இல் செயின்ட் லூயிஸ் நகரவாசிகள், கிராமப்புறக் கவுண்டிக்குச் சாலை போடவும் அலுவலகம் நடத்தவும் தங்கள் வரிப்பணம் போகிறது என்று கருதி, கவுண்டியிலிருந்து பிரிந்துபோக வாக்களித்தார்கள். நகரத்தின் எல்லை அன்றோடு நிலைத்துவிட்டது. அப்போது அந்த எல்லைக்குள் வயல்கள்கூட இருந்தன. இனி எவ்வளவு வளர்ந்தாலும் இது போதும் என்று நினைத்தார்கள். அரை நூற்றாண்டில் உள்ளே இடம் தீர்ந்தது. மற்ற அமெரிக்க நகரங்கள் சுற்றுப்புறங்களை இணைத்துக்கொண்டு விரிந்த காலத்தில் செயின்ட் லூயிஸுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. 1926இலும் 1962இலும் அந்த எல்லைக்கோட்டை அழிக்க முயன்று தோற்றார்கள். 1950இல் 8,56,796 ஆக இருந்த நகரத்தின் மக்கள்தொகை 2020இல் 3,01,578 ஆகிவிட்டது. வரியைப் பங்கிட மறுத்துப் போட்ட கோட்டுக்கு வெளியே, வரி கட்டக்கூடியவர்கள் குடிபோய்விட்டார்கள். ஃபெர்குசனின் வரலாற்றை அதன் தெருக்களிலிருந்து தொடங்காமல் இந்த வாக்கெடுப்பிலிருந்து தொடங்குவதே சரி என்று எனக்குப் படுகிறது.

நகரத்துக்குள் நிறத்தின் பேரில் கோடு போடும் வேலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்டமாகவே நடந்தது. 1916இல் செயின்ட் லூயிஸ் வாக்காளர்கள், ஒரு இனத்தார் பெரும்பான்மையாக வாழும் தெருவில் மற்ற இனத்தார் குடியேறுவதைத் தடுக்கும் சட்டத்தை நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். அடுத்த ஆண்டே கென்டக்கி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அத்தகைய சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. உடனே வீட்டுப் பத்திரங்களில் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை ஏறிக்கொண்டது. அந்த நிபந்தனையை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஷெல்லி வழக்கும் செயின்ட் லூயிஸ் வீடு ஒன்றைப் பற்றியதுதான். ஒரு கருவி பறிக்கப்பட்டால் அடுத்தது தயாராக இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன். சட்டமும் பத்திரமும் கைநழுவிய பிறகு எஞ்சியிருந்த வலுவான கருவி நகராட்சி எல்லை. அது எப்படி வேலை செய்தது என்பதைக் கின்லாக்கின் கதை காட்டுகிறது. கறுப்பினத்தவர் நிலம் வாங்க முடிந்த வெகுசில புறநகர் இடங்களில் கின்லாக் ஒன்று. கின்லாக்கோடு ஒரே பள்ளி மாவட்டத்தில் இருக்க விரும்பாத பக்கத்து வெள்ளையர்கள் 1937இல் பெர்க்லி என்ற தனி நகராட்சியை உண்டாக்கிக்கொண்டார்கள். தனித்து விடப்பட்ட கின்லாக் 1948இல் தானும் நகராட்சியானது. கிழக்கே ஃபெர்குசன், இரண்டு ஊரையும் இணைத்த சபர்பன் அவென்யூவில் சங்கிலி கட்டிக் கட்டடக் குப்பையைக் கொட்டி அடைத்து வைத்திருந்தது. 1960களின் பிற்பகுதி வரை அந்த அடைப்பு இருந்தது. இன்னொரு சாலை மட்டும் பகலில் திறந்திருந்தது. ஃபெர்குசன் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் கின்லாக்கிலிருந்து வந்துபோக அது தேவைப்பட்டது.

போருக்குப் பின் ஃபெர்குசன் வேகமாக நிரம்பியது. 1950இல் 11,573 பேர், 1960இல் 22,149, 1970இல் 28 ஆயிரத்தைத் தாண்டியது. இந்த வளர்ச்சியை எண்ணற்ற குடும்பங்களின் சொந்த உழைப்பின் கதையாகச் சொல்வது வழக்கம். உழைப்பு உண்மைதான். ஆனால் அந்த வீடுகளுக்குக் கடன் கிடைத்தது மத்திய அரசின் வீட்டுவசதி நிர்வாகம் வங்கிகளுக்கு உத்தரவாதம் கொடுத்ததால்தான். அந்த நிர்வாகம், கறுப்பினத்தவர் கலந்து வாழும் பகுதிகளை ஆபத்தான முதலீடு என்று தன் கையேட்டிலேயே வகைப்படுத்தி வைத்திருந்தது. 1965இல் ஃபெர்குசனுக்கு அருகே பேடாக் வுட்ஸ் என்ற புதுக் குடியிருப்பில், பணமிருந்தும் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு வீடு விற்க நிறுவனம் மறுத்தது. 1968இல் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியார் விற்பனையிலும் இனப்பாகுபாடு சட்டவிரோதம் என்றது. அதற்கும் பதில் தயாராக இருந்தது. சற்று வடக்கே பிளாக் ஜாக் என்ற பகுதியில் நடுத்தர, குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக அடுக்ககம் கட்ட ஒரு மத அமைப்பு திட்டமிட்டபோது, அங்கிருந்தவர்கள் 1970இல் அவசரமாகத் தனி நகராட்சியாகி, புதிதாக அடுக்ககம் எதுவும் கட்டக் கூடாது என்று நிலப் பயன்பாட்டு விதி போட்டார்கள். 1974இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. அதற்குள் நான்கு ஆண்டுகள் போயிருந்தன. பள்ளிகளிலும் இதே போக்குதான்: 1975இல் கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே கின்லாக், பெர்க்லி பள்ளி மாவட்டங்கள் ஃபெர்குசன்–ஃபுளோரிசன்ட் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டன.

அதன் பிறகு நடந்த மக்கள்தொகை மாற்றத்தின் வேகம் அசாதாரணமானது. 1970இல் ஃபெர்குசனில் கறுப்பினத்தவர் நூற்றில் ஒருவர். 1980இல் 14 சதவீதம், 1990இல் 25, 2000இல் 52, 2010இல் 67. இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் மாற்றம் தானாக நிகழ்ந்ததாகத் தோன்றாது. நகரத்தின் மில் கிரீக் பள்ளத்தாக்கை 1959 முதல் இடித்துத் தள்ளியபோது சுமார் 20,000 பேர் வீடிழந்தார்கள். அவர்களைப் போன்றவர்களுக்கு என்று கட்டப்பட்ட புரூயிட்–ஐகோ அடுக்ககங்கள், பராமரிப்பின்றிச் சீரழிந்து, 1972 முதல் தகர்க்கப்பட்டன. மேற்கே, நகரத்துக்குச் சொந்தமான லாம்பர்ட் விமான நிலையம் 1980களிலிருந்து இரைச்சலைக் காரணம் காட்டிக் கின்லாக்கின் வீடுகளை வாங்கி இடித்தது. 1960இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த அந்த ஊரில் 2010இல் எஞ்சியவர்கள் 298 பேர். வெளியேறியவர்களில் பலர், ஒரு காலத்தில் தங்களுக்குச் சங்கிலி கட்டிய ஃபெர்குசனுக்கே வந்து சேர்ந்தார்கள். மக்கள் தங்கள் வருமானத்துக்கும் விருப்பத்துக்கும் ஏற்ற இடத்துக்குப் போகிறார்கள், அதில் அரசின் கை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. வருமானம் ஒரு காரணம்தான். ஆனால் பேடாக் வுட்ஸில் வீடு கேட்டவர்களிடம் பணம் இருந்தது. விருப்பமும் ஒரு காரணம்தான். ஆனால் கவுண்டியின் மேற்குப் பகுதி நகராட்சிகள் பெரிய மனைகளை மட்டுமே அனுமதித்து அடுக்ககங்களைத் தடுத்துவிட்ட பிறகு, தேர்ந்தெடுக்க மீதமிருந்தது வடக்குப் பகுதியின் பழைய சிறு வீடுகளும் ஃபெர்குசனின் தென்கிழக்கு மூலையில் இருந்த கேன்ஃபீல்ட் கிரீன் போன்ற வாடகை அடுக்ககங்களும்தான். கோலின் கோர்டன் என்ற வரலாற்றாசிரியர் செயின்ட் லூயிஸின் நில ஆவணங்களை வரைபடங்களாக்கி இதை நிறுவியிருக்கிறார். அவர் நூலைப் படித்தபின் ‘இயல்பான நகர்வு’ என்ற சொல்லை நம்புவது கடினம்.

மக்கள் மாறிய அதே காலத்தில் நகராட்சியின் வருவாய்க் கணக்கும் மாறியது. இங்கேதான் வாதத்தின் இரண்டாம் பாதி இருக்கிறது. 1980இல் மிசூரி தன் அரசியல் சட்டத்தில் சேர்த்த ஹான்காக் திருத்தப்படி, வாக்காளர் ஒப்புதலின்றி உள்ளாட்சிகள் வரியை உயர்த்த முடியாது. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் வீட்டு மதிப்பு சரிந்ததும் சொத்துவரி சுருங்கியது. 2000இல் 5 சதவீதத்துக்கும் கீழே இருந்த வேலையின்மை பத்தாண்டு கழித்து 13 சதவீதத்தைத் தாண்டியது. நான்கில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே போனார். எமர்சன் எலக்ட்ரிக் போன்ற மாபெரும் நிறுவனத்தின் தலைமையகம் அப்போது ஊருக்குள்ளேயே இருந்தும் நிலைமை இதுவாகத்தான் இருந்தது. வரியை ஏற்ற முடியாத நகராட்சி அபராதத்தை ஏற்றலாம். அதற்கு யாருடைய வாக்கும் தேவையில்லை. 2010 நிதியாண்டில் ஃபெர்குசன் அபராதங்கள், நீதிமன்றக் கட்டணங்கள் மூலம் ஈட்டியது 13.8 லட்சம் டாலர். 2015ஆம் நிதியாண்டுக்கு அது எதிர்பார்த்த தொகை 30.9 லட்சம் டாலர். பொது வருவாயில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. அமெரிக்க நீதித் துறை 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை இதன் உள்விவரங்களைக் காட்டியது. ஆண்டு முடிவதற்குள் அதிக அபராதச் சீட்டுகள் எழுதப்படாவிட்டால் அடுத்த ஆண்டு வசூலைக் கணிசமாக உயர்த்துவது கடினம் என்று நகராட்சியின் நிதி அதிகாரி காவல்துறைத் தலைவருக்கு எழுதியிருந்தார். 2013இல் மட்டும் நகராட்சி நீதிமன்றம் 9,000க்கும் மேற்பட்ட பிடிவாரண்டுகள் பிறப்பித்தது. பெரும்பாலும் வண்டி நிறுத்தியது, புல் வெட்டாதது போன்ற சில்லறைக் குற்றங்களுக்கு. 2007இல் ஒருமுறை தவறான இடத்தில் வண்டி நிறுத்திய ஒரு பெண்ணுக்கு விதிக்கப்பட்ட தொகை 151 டாலரும் கட்டணமும். ஏழாண்டுக்குப் பின் அவர் 550 டாலர் கட்டி, ஆறு நாள் சிறையிலும் இருந்துவிட்டு, இன்னும் 541 டாலர் பாக்கி வைத்திருந்தார்.

இது வெறும் கணக்குப் பிரச்சினை, இனவெறி இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 67 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர்தான் 2012–14 காலத்தில் நிறுத்தப்பட்ட வாகன ஓட்டிகளில் 85 சதவீதம், கைதானவர்களில் 93 சதவீதம். சோதனையிடப்படும் வாய்ப்பு அவர்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. ஆனால் சோதனையில் தடைசெய்யப்பட்ட பொருள் அகப்படுவது வெள்ளையரிடம்தான் அதிகம். 54 காவலர்களில் கறுப்பினத்தவர் நான்கு பேர். அதிகாரிகள் பரிமாறிய இனவெறி மின்னஞ்சல்களும் அறிக்கையில் உண்டு. ஆக, வெறுப்பு இருந்தது. ஆனால் அதே நாளில் வெளியான நீதித் துறையின் இன்னொரு அறிக்கை, மைக்கேல் பிரவுனைச் சுட்ட காவலர் மீது கூட்டாட்சிக் குற்றச்சாட்டு சுமத்தப் போதிய ஆதாரம் இல்லை என்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, தெருவில் திரண்ட கோபம் ஒரு துப்பாக்கிச் சூட்டைப் பற்றியது மட்டும் இல்லை என்பது புரியும். காவலர்களின் மனநிலை மட்டுமே காரணமாக இருந்திருந்தால், கறுப்பினத்தவரே மேயராகவும் மன்ற உறுப்பினர்களாகவும் இருந்த பக்கத்து ஊர்களில் நிலைமை வேறாக இருந்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட முழுவதும் கறுப்பின மக்கள் வாழும் பைன் லான் அபராத வசூலில் பெயரெடுத்த ஊர். வண்டியில் பத்து நிமிடம் போனால் நான்கைந்து நகராட்சிகளைக் கடக்க நேரிடும் வடக்குக் கவுண்டியில், ஒரே எரியாத விளக்குக்கு ஒவ்வொரு ஊரும் தனித்தனியே சீட்டு எழுதலாம். மற்றவர்களை வெளியே நிறுத்த வரைந்த சிறு எல்லைகளுக்குள், அந்த மற்றவர்களே பின்னாளில் வரி தரக் கடை இல்லாத, தொழிற்சாலை இல்லாத நகராட்சிகளை வாரிசாகப் பெற்றார்கள். ஆள்பவர் யாரானாலும் காவலர் சம்பளத்துக்கு அபராதம்தான் வழி என்ற நிலை அது.

பெரும்பான்மை இருந்தும் ஏன் வாக்களித்து மாற்றவில்லை என்ற கேள்வி 2014இல் பலமுறை எழுந்தது. மேயர் வெள்ளையர், ஆறு மன்ற உறுப்பினரில் ஒருவர்தான் கறுப்பினத்தவர். 2013 தேர்தலில் மொத்தமே சுமார் 12 சதவீதம் வாக்குதான் பதிவானது. இதைக் குடிமக்களின் அக்கறையின்மை என்று முடித்துவிடலாம்தான். ஆனால் நகராட்சித் தேர்தல், அதிபர் தேர்தலோடு சேராமல் ஏப்ரலில், கட்சிப் பெயரின்றி, செய்தியில் வராமல் நடந்து முடிகிறது. நீண்ட காலம் சொந்த வீட்டில் இருப்பவர்களுக்குச் சாதகமான ஏற்பாடு அது. ஆண்டுதோறும் வாடகை வீடு மாறுபவர்களுக்கு எந்த ஊரின் வாக்காளர் என்பதே குழப்பம். பள்ளிக் குழுத் தேர்தலில் ஒட்டுமொத்த மாவட்டத்தையும் ஒரே தொகுதியாக வைத்திருந்தது வாக்குரிமைச் சட்டத்துக்கு எதிரானது என்று 2016இல் கூட்டாட்சி நீதிமன்றமே தீர்ப்பளித்தது. வாக்கின் வலிமை பிறகு தெரியாமல் போகவில்லை. 2015 ஏப்ரலில் மன்றத்தில் கறுப்பினத்தவர் மூவரானார்கள். அப்போது வென்றவர்களில் ஒருவரான எல்லா ஜோன்ஸ் 2020இல் மேயரானார்; அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர், முதல் பெண். அபராத வருவாய்க்கு மாநிலம் 2015இல் கடுமையான உச்சவரம்பு போட்டது. 2016இல் நீதித் துறையோடு நகராட்சி ஒப்பந்தம் செய்துகொண்டது. எல்லாம் நடந்தும் 2020 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 18,527 ஆகக் குறைந்திருந்தது. சீர்திருத்தச் செலவுக்காக 2016 ஏப்ரலில் இரண்டு வரி உயர்வுகளுக்கு ஒப்புதல் கேட்டபோது வாக்காளர்கள் விற்பனை வரியை ஏற்று, சொத்துவரியை நிராகரித்தார்கள். ஆட்கள் மாறிய பிறகும் கோட்டுக்குள் இருக்கும் பணத்தின் அளவு மாறவில்லை.

அப்படியானால் கோடுகளை அழித்துவிடலாமே என்பது எளிய பதில். ‘பெட்டர் டுகெதர்’ என்ற அமைப்பு 2019இல் நகரத்தையும் கவுண்டியையும் இணைக்கும் திட்டத்தை வைத்தது. கவுண்டி நிர்வாகத் தலைவர் ஊழல் வழக்கில் சிக்கிப் பதவி விலகிய சில நாட்களில் அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டத்தை எதிர்த்தவர்களில் வடக்குக் கவுண்டியின் கறுப்பின மேயர்களும் இருந்தார்கள். என் வாதத்துக்கு எதிரான ஆகக் கனமான மறுப்பு அவர்களுடையதுதான். அரை நூற்றாண்டு காத்திருந்து கைக்கு வந்த நகர்மன்றங்களை, வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள பெரிய அமைப்பில் கரைக்கச் சொல்வது யாருக்கு லாபம் என்று அவர்கள் கேட்டார்கள். முழு இணைப்பை நான் பரிந்துரைக்கத் தயங்குவதும் அந்தக் கேள்வியால்தான். ஆனால் அதிகாரத்தை ஊரளவில் வைத்துக்கொண்டே பணத்தையும் காவலையும் பொதுவாக்க முடியும். 2015இல் தொடங்கிய வடக்குக் கவுண்டி காவல் கூட்டுறவு அமைப்பில் வினிடா பார்க், வெல்ஸ்டன் போன்ற சிறு ஊர்கள் ஒரே காவல்துறையைப் பகிர்ந்துகொள்கின்றன. விற்பனை வரியில் ஒரு பகுதியைப் பொதுத் தொகுப்பில் போட்டு ஆள்கணக்குப்படி பிரிக்கும் முறையும் 1970களிலிருந்து கவுண்டியில் இருக்கிறது. அதை விரிவாக்குவதுதான் ஃபெர்குசன் போன்ற ஊர்களுக்கு உண்மையான உதவி. அதற்கான எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததே. கவுண்டியின் மேற்கே, 1988இல் நகராட்சியான செஸ்டர்ஃபீல்ட் என்ற வசதியான ஊர், தன் கடைகளில் வசூலாகும் வரி மற்ற ஊர்களுக்குப் போவது அநியாயம் என்று அந்தத் தொகுப்பை எதிர்த்து நீதிமன்றம் வரை போனது. அது வைத்த வாதம் 1876இல் செயின்ட் லூயிஸ் நகரவாசிகள் வைத்ததேதான்.